இருநூறு பிரதிகள்

...இல்லை, இருநூற்றிரண்டு, முதல் இரண்டில் மை ஈஷிவிட்டது, அதனால்தான் அந்த நோட்டீசை அவள் வரி வரியாகப் படிக்க நேர்ந்தது, வளர்ப்பு நாய், பூனைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கருத்தடை அறுவை சிகிச்சை, குட்டிகள் தெருவில் சாகாது, மார்பில் கட்டி வராது, கர்ப்பப்பையில் சீழ் பிடிக்காது... சீழ் என்ற சொல் இருநூறு தடவை அவள் கையால்தான் சுடச்சுட வெளியே வந்தது, இரண்டு வருடத்துக்கு முன்பு, அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில். இப்போது அவள் கால்நடை மருத்துவமனை பெஞ்சில். மூடிய கதவுக்குப் பின்னால் சோம்பி, எட்டு வயதுப் பெண் நாய், நாலு நாளாகச் சோற்றைத் தொடாமல் தண்ணீரையே குடித்துத் தீர்த்தது, வயிறு மட்டும் ஊதிக்கொண்டே போயிற்று, போன மாதம் கதவு திறந்து கிடந்த அந்தச் சாயங்காலம் வெளியே ஓடியதே, சினைதானோ என்று இவள் சந்தோஷப்பட்டாள்... ஒரு முழு நாள் சந்தோஷப்பட்டாளே, அந்த நாளை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

பக்கத்து வீட்டுக்காரி அந்த நோட்டீஸ் சமயத்திலேயே சொன்னாள், எங்க நாயைக் காலையில ஆபரேஷனுக்கு விட்டோம்க்கா, சாயங்காலம் கூட்டிட்டு வந்துட்டோம், நாலாம் நாளே என் செருப்பைக் கடிச்சு வச்சிருக்கு, நீங்களும் வாங்கக்கா. இவள்தான், பாவம்டி, ஒரு தடவையாவது பெத்துக்கட்டுமே என்றாள். வீட்டுக்காரர், உன் இஷ்டம் என்று பேப்பரைத் திருப்பிக்கொண்டார், பன்னிரண்டு வருடமாக, தொட்டில் வாங்காத அந்த வீட்டில், எல்லாவற்றுக்கும் அதே பதில். நோட்டீசில் ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்தான், ஏன் வைத்தாள், போகவா, போகாமல் இருக்கவா... உள்ளே போகுமுன் டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே, சினை இல்லம்மா, சீழ், முன்னாடியே கருத்தடை பண்ணியிருந்தா சின்ன வேலைம்மா, இப்ப உசுரு தங்குமான்னே சொல்ல முடியல என்றார். இல்ல டாக்டர், ஒரு தடவை குட்டி போட்டா உடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க... யாரும்மா சொன்னது?

யார் சொன்னது? உள்ளே ஏதோ தட்டு மோதும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அவள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள், மாமியார், முதலாளியின் மனைவி, பஸ் ஸ்டாப்பில் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி, ஒண்ணே ஒண்ணு பெத்துட்டா உடம்பும் சரியாயிடும், மனசும் சரியாயிடும்... குரல்கள் இழுவையோடு, பெருமூச்சோடு அப்படியே இருந்தன, இன்னொரு தடவை முதலிலிருந்து தேடினாள், ஒன்றில்கூட நாய் இல்லை.