அண்ணனின் கரும்பூதம்

அண்ணன் செங்குட்டுவன் செத்த பிறகுதான் நான் ஜெயிக்கவே ஆரம்பித்தேன். இதைச் சொன்னால் எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் பாதிப் பேர் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

படம் போட்ட சீட்டுகளை வைத்து இருவர் மோதும் ஆட்டம் அது. சீட்டுக்கு ஒரு ராட்சதனோ மந்திரவாதியோ இருப்பான். அண்ணன் கான்ட்ராக்டில் நிலக்கரி மைன்ஸ் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடினான். சென்னை, பெங்களூர் என்று போய் ஜெயித்து வருவான். அவன் உயிரே கரும்பூதம் என்ற சீட்டில்தான். "பாரு எழிலு, செகண்ட் ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவன் மாதிரியே இருக்கான். நம்ம ஊரு ஆளு" என்பான். ஒரே ஒரு கரும்பூதம்தான் அவனிடம் இருந்தது. ஆனாலும் வேண்டிய நேரத்தில் வந்துவிடும்.

2015 கார்த்திகை மழையில், வடக்குத்து அருகே லாரி மோதி அவன் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் அவன் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு நான் ஆடப் போனேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததுதான் என் பயிற்சி. சீட்டைக் கலைத்தது நான். விதிப்படி அதை வெட்டி வைத்தது எதிராளி. அவன் வெட்டிய இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, கரும்பூதம் உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. பயமாகவும் இருந்தது, அண்ணன் இன்னொரு தடவை வரமாட்டானா என்று ஏக்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா தனபாக்கியம், ஜெயித்தாயா என்று கேட்க மாட்டாள். "வந்தானாடி?" என்பாள். வந்தான் என்றால் அன்றைக்கு இரண்டு வாய் கூடச் சாப்பிடுவாள். நான் ஆடியது கோப்பைக்காக இல்லை. அண்ணன் எங்களை விட்டுப் போகவில்லை என்று எனக்கும் அவளுக்கும் தெரிந்தால் போதும்.

இப்படியே ஜெயித்து, மறு வருடம் கோலாலம்பூரில் நடந்த உலகப் போட்டிவரை போய்விட்டேன். ஒரு கூடத்தில் வீடியோ கேம்காரர்கள், இன்னொன்றில் நாங்கள். நாக்-அவுட்டில் எனக்கு எதிரே ஒரு போலந்துக்காரன். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தால் மூன்றாவது முடிவு செய்யும். முதல் ஆட்டம் எனக்கு. இரண்டாவதில் என் சீட்டுக்கட்டை வெட்டப் போனவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நடுவரைக் கூப்பிட்டான்.

நடுவர் அம்மாள் சீட்டுகளை விரலால் நீவிப் பார்த்தார். ஒன்றை மட்டும், எல்லாச் சீட்டுக்கும் போட்டிருந்த கறுப்பு பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினார். கரும்பூதம். அதன் பின்பக்கத்து ஓரத்தில் காய்ந்து தடித்துப்போன சந்தனம், நடுவில் குங்குமம்.

தடிப்பு இருக்கும் இடத்தில் கட்டு தானாகவே பிரியும். வெட்டினால் அந்தச் சீட்டு மேலே வந்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். தெரியாமல் நடந்ததாக எடுத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை மட்டும் தோல்வி என்றார். அங்கேயே இருந்த கடையில் புதுக் கரும்பூதம் வாங்கி, எல்லாச் சீட்டுக்கும் புது உறை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். எனக்குத் தோற்றது உறைக்கவே இல்லை. இத்தனை நாளும் வந்தது அண்ணன் இல்லையா என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

எங்கள் டவுன்ஷிப்பில் ஆயுத பூஜையன்று பொட்டுக்குத் தப்பிய பொருள் கிடையாது. பஸ், ஹெல்மெட், மிக்ஸி, ஒன்றையும் விட மாட்டார்கள். கோபத்தோடு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, உன் பக்திக்கு ஒரு அளவே இல்லியா? சீட்டுலயுமா பொட்டு வப்ப?"

"நானா? என்னைத் தொட உட்டானா உங்கண்ணன்? நான் டப்பா மேலதான் வச்சேன். உள்ள நானே வச்சிக்கிறேன்னு சந்தனக் கிண்ணத்த எடுத்துகினு போயி ரூம சாத்திகினான். ஏன்டி, இன்னிக்கி வரலியா?"

"ஆட்டம் முடியலம்மா" என்று வைத்துவிட்டேன்.

புது உறை போடும்போது ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் பார்த்தேன். வேறு எதிலும் பொட்டு இல்லை. செல்லச் சீட்டென்று அதற்கு மட்டும் வைத்தானா? படம் கெட்டுவிடும் என்று முதுகில் வைத்தானா? பொட்டு முகத்தில் வைப்பது என்று அவனுக்குத் தெரியாதா? வெட்டினால் மேலே வரட்டும் என்றே வைத்தானா? அவன் கண்ணை மூடிச் சீட்டெடுத்ததும், நான் கைதட்டியதும் ஞாபகம் வந்து உடம்பு கூசியது. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

மூன்றாவது ஆட்டம். நடுவர் பக்கத்திலேயே நின்றார். போலந்துக்காரன் வெட்டி வைத்தான். வராதே என்று அண்ணனை முதல் தடவையாகக் கெஞ்சினேன். மேல் சீட்டை எடுத்தேன்.

கரும்பூதம். முதுகைத் தடவினேன். வழவழவென்று இருந்தது.

எனக்குத் துணைக்கு வந்தானா, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்தானா, தெரியவில்லை. சீட்டை இறக்கினேன். பக்கத்து நாற்காலி காலிதான். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.