அப்படியே தியேட்டர் மாதிரி

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் வீட்டுக்குள் வரும் எல்லாக் காகிதத்தையும் நான்தான் படிக்க வேண்டும். மின்கட்டணச் சீட்டு, மருந்துச் சீட்டு, மிக்ஸியோடு வரும் உத்தரவாத அட்டை, வீட்டுக்காரர் நீட்டும் ஒப்பந்தம், எல்லாம். சரியாகப் படித்துச் சொன்னால், "இவ்வளவுதானா?" என்பார்கள். தப்பாகிப் போனால், "படிச்சவதானே நீ?" என்பார்கள். இந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

ஹோம் தியேட்டர் ரிசீவரைப் பற்றியும் அப்படித்தான் மூன்று வாரம் படித்தேன். அம்மாவுக்காக.

அம்மா பதினாறு வருடம் ஒரு சினிமா தியேட்டரில் துப்புரவு வேலை பார்த்தாள். போன வருடம் அதை இடித்து, கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். வேலை போனவளுக்குக் கடிகாரம்! யாருடைய யோசனையோ, அவர் கையில் கிடைத்தால் நான்கு கேள்வி கேட்பேன்.

அதிலிருந்து அம்மா டி.வி. முன்னால் உட்காருகிறாள். எங்கள் டி.வி.க்கு ஸ்பீக்கர் முதுகில் இருக்கிறது. அது சுவரிடம்தான் பேசும், நம்மிடம் பேசாது. "என்ன சொன்னான்?" என்று அம்மா கேட்பாள். சொல்வேன். அடுத்த நிமிடம், "இவ என்ன சொன்னா?" அதையும் சொல்வேன். டாக்டரிடம் அழைத்துப் போனேன். காதில் கோளாறு ஒன்றும் இல்லை, வயதுக்கு ஏற்ற தேய்மானம் என்றார். ஒரு நாள் ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த எரிச்சலில், "நீ படம் பாக்குறியா, எனக்குப் பரீட்சை வைக்குறியா?" என்று கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்பதில்லை. நானும் அண்ணனும் சிரித்தால், அரை நொடி கழித்து அவளும் சிரிக்கிறாள். எங்கள் வாயைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அந்த அரை நொடியைத்தான் நான் சரிசெய்ய வேண்டியிருந்தது. பதினாறு வருடம் பெரிய திரை, பெரிய சத்தம் என்று பழகியவளுக்கு இந்தத் தகரக்குரல் எப்படிப் போதும் என்று கணக்குப் போட்டேன். தியேட்டர் போய்விட்டது, சரி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால்? என்னால் முடிந்தது ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. அதற்குமேல் கேட்டால் என் பேருந்துச் செலவில்தான் கை வைக்க வேண்டும்.

"ரிசீவரா? போன்ல காதுல வைப்பாங்களே, அதுவா?" என்றாள் அம்மா.

"இது வேற. டி.வி.ல இருந்து வர்ற சத்தத்தைப் பிரிச்சு, எந்த ஸ்பீக்கருக்கு எது போகணுமோ அதை அனுப்புற பெட்டி."

"சத்தத்தைப் பிரிக்கிறதுக்கு ஒரு பெட்டியா? நம்ம வீட்டுல இருக்கிற சத்தத்துக்கு ரெண்டு வேணும்."

அண்ணன் சாமான் வேன் ஓட்டுகிறவன். அவனுக்குத் தெரிந்த ஒரே அளவு வாட்ஸ். "எத்தனை வாட்ஸ்னு கேளு பட்டதாரி. வேற எதையும் கேக்காத. என் வேன்ல இருக்கிறதே ஆயிரம் வாட்ஸ்."

"அது அட்டைப்பெட்டியில அடிச்ச வாட்ஸ்ணா. உள்ள அம்பதுகூட இருக்காது."

"கண்ணாடியே அதிருது, அம்பது இல்லையாம்!"

"உன் கண்ணாடி ஸ்க்ரூ கழண்டு அதிருது."

பட்டதாரி என்பது எனக்கு அவன் வைத்த பெயர். பாராட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். கடை மாடியில் இருந்தது. புதுச் சாமானும் விற்பார்கள், பழையதும் விற்பார்கள். கடைக்காரர் சட்டைப் பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில், ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தார். பின்பக்கம் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு, நான்கு நாற்காலி, கனமான ஒரு கதவு. வாங்க வருகிறவர்களை அதற்குள் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார்.

நான் சொன்ன தொகையைக் கேட்டு அவர் முகம் சுளிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

"இந்தக் காசுக்கு ரெண்டு வழி இருக்கும்மா," என்றார். ஒன்று, புத்தம் புது செட். ரிசீவர், கையகல ஸ்பீக்கர் ஐந்து, கூடவே அதிர்கிற அடிச்சத்தத்துக்கென்று முக்காலி உயரத்துக்கு ஒரு பாஸ் பெட்டி. இன்னொன்று, யாரோ வீடு மாறும்போது விற்றுவிட்டுப் போன பழைய ரிசீவர். நல்ல சரக்கு, ஆனால் அதை எடுத்தால் மிச்சக் காசுக்கு மூன்று ஸ்பீக்கர்தான் வரும். இடது, வலது, நடுவில் ஒன்று. பாஸ் பெட்டிக்குக் காசு இருக்காது.

"பாஸ் இல்லாம தியேட்டரா? அதுக்கு ஒரு ரேடியோவை வாங்கி மாட்டிடலாம்," என்றான் அண்ணன்.

பழையதுதான் நல்ல பெட்டி என்று மூன்று வாரப் படிப்பு எனக்குச் சொன்னது. ஆனால் நான் வாங்க வந்தது தியேட்டர். புது செட்டின் அட்டையில் அந்தச் சொல்லைத் தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். படித்தவள் என்றால் ஏமாறமாட்டாள் என்று யார் சொன்னது?

கடைக்காரர் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். நாற்காலி அதிர்ந்தது. அண்ணன் குழந்தைபோலச் சிரித்தான். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். நாற்காலியில் அவள் இல்லை.

கடைக்காரர் எழுந்து கதவைத் திறந்தார். அம்மா வெளியே, கதவை ஒட்டி, சுவரில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பை இரண்டு கைக்குள்ளும் இருந்தது.

"உள்ள வந்து உக்காருங்கம்மா."

"இருக்கட்டும் தம்பி, நீங்க போடுங்க. இங்கயே நல்லா கேக்குது."

"அம்மாவுக்குக் கூச்சம். நீங்க சாத்துங்கண்ணே, ஏசி போகுது," என்றான் அண்ணன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு மீதிச் சண்டையையும் போட்டார். முடிந்ததும் திறந்து கேட்டார்: "எப்படிம்மா? தியேட்டர் மாதிரி இருக்கா?"

"அப்படியே தியேட்டர் மாதிரி இருக்கு தம்பி," என்றாள் அம்மா.

அண்ணன் தொடையில் தட்டினான். "கேட்டுக்க பட்டதாரி. பதினாறு வருஷ சர்வீஸ் சொல்லுது."

அதற்குமேல் என்ன சான்று வேண்டும்? கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். நான் வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

"பிடிச்சிருக்காம்மா?"

"நல்லாத்தான் இருக்கு. எங்க தியேட்டர்ல ஓடின படம்தான். முதல்ல ஒருத்தன் விழுந்தான், அப்புறம் கண்ணாடி உடைஞ்சுது, அப்புறம் கார். அடுத்தது அஞ்சு நிமிஷம் ஒண்ணும் கேக்காது. அப்பதான் நாங்க போய் வாளியில தண்ணி பிடிப்போம்."

"ஏன் கேக்காது?"

"பேசிக்கிட்டு இருப்பாங்க."

"என்ன பேசுவாங்க?"

மழை ஏன் மேலிருந்து கீழே வருகிறது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல அம்மா என்னைப் பார்த்தாள். "கதவு சாத்தியிருக்கும்ல பாப்பா."

நான் அந்தக் கனமான கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ உள்ள உக்காந்து பார்த்ததே இல்லையா?"

"டிக்கெட் வாங்காதவங்க எப்படி உக்காருறது? மேனேஜர் பார்த்தா நேரா வேலைச் சீட்டைக் கிழிச்சிடுவாரு. மணி அடிச்சா உள்ள போவோம், பெருக்குவோம், வந்துடுவோம். மத்த நேரம் வராந்தாதான்."

"ஒரு படம்கூடவா?"

"கடைசி சீன் பாதி பார்த்திருக்கேன். கதவு திறந்துவிடணும்ல."

என் அம்மா எல்லாப் படத்தையும் ஓசியில் பார்த்துவிட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டவள் நான். ஒரு நாளாவது கதை என்ன என்று அவளிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. சுவரைத் தாண்டி வந்தது அந்த இடிச்சத்தம் மட்டும்தான். பதினாறு வருடமாக அதுதான் அவளுடைய சினிமா. அதை அப்படியே பெட்டியில் அடைத்து, காசும் கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் வைக்க இருந்தேன்.

கோபம் வந்தது. மேனேஜர் மேல் காட்டலாம் என்றால் அவர் எங்கே இருக்கிறாரோ. தியேட்டர் மேல் காட்டலாம் என்றால் அதன்மேல் கார் நிற்கிறது. என்மேலேயே காட்டுவதற்கு அந்த இடம் வசதியாக இல்லை. ஆகவே வழக்கம்போல் பக்கத்தில் இருந்தவர்மேல் காட்டினேன்.

"பில் போடாதீங்க," என்றேன் கடைக்காரரிடம். "அது வேணாம். ஏதாவது பேசுற சீன் போட்டுக் காட்டுங்க."

"பேச்சைக் கேக்க யாரும்மா ரிசீவர் வாங்குறாங்க?"

"நாங்க வாங்குறோம்."

அவர் பென்டிரைவில் தேடினார். சண்டை இருந்தது, பாட்டு இருந்தது, மழை இருந்தது, ஹெலிகாப்டர் மூன்று வகையில் இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது மட்டும் இல்லை. கடைசியில் காதைச் சொறிந்துகொண்டே, "எங்க வீட்டுல பாக்குற சீரியல் ஒண்ணு கிடக்குது, பரவாயில்லையா?" என்றார்.

அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து நடு நாற்காலியில் உட்காரவைத்தேன். அவள் நுனியில் உட்கார்ந்தாள். யாராவது எழுப்பினால் உடனே எழுந்துவிட வசதியாக.

முதலில் புது செட்டில் போட்டார். சமையலறையில் இரண்டு பெண்கள் ஏதோ கிசுகிசுத்தார்கள். பின்னணி இசை வயிற்றில் வந்து மோதியது. பேச்சு எங்கேயோ கிணற்றுக்குள் இருந்தது. அம்மா எங்கள் வாயைப் பார்க்கத் தொடங்கினாள்.

பிறகு பழையதில் போட்டார். "நடு ஸ்பீக்கர்லதான் பேச்சு வரும். இதுல அதை மட்டும் தனியா ஏத்தலாம்," என்று ரிமோட்டில் மூன்று முறை அழுத்தினார். இசை இருந்த இடத்திலேயே இருந்தது. குரல்கள் மட்டும் எழுந்து முன்னால் வந்தன. இளையவள் மெதுவாக, தான் அந்த நகையைப் பார்க்கவே இல்லை என்றாள்.

"பொய் சொல்றா இவ," என்றாள் அம்மா.

எங்கள் யார் வாயையும் அவள் பார்க்கவில்லை. அரை நொடிகூட ஆகவில்லை.

"அப்ப பாஸ் பெட்டி?" என்றான் அண்ணன். சோறு கேட்கிற குரல்.

"அந்த டும்டும் எனக்கு வேணாம்டா. அதுதான் பதினாறு வருஷம் கேட்டாச்சே. உனக்கு வேணும்னா வேன்ல வச்சுக்க." அம்மா நாற்காலியில் பின்னால் நகர்ந்து, முதுகைச் சாய்த்தாள். "இருங்க தம்பி, நிறுத்தாதீங்க. மாமியார் என்ன சொல்றான்னு பாப்போம்."

கடைக்காரர் நிறுத்தவில்லை. அந்த சீரியல் பகுதி முழுவதும் ஓடியது. நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம்.

ரிசீவரை மாடியிலிருந்து அண்ணன்தான் இறக்கினான். "என்ன பட்டதாரி, உள்ள கல்லா? இந்த வெயிட்டுக்கு ரெண்டாயிரம் வாட்ஸ் இருக்கும்போலயே," என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் மதியம் கம்பிகளை மாட்டி முடித்தேன். அம்மாவின் தியேட்டரில் நூறு நாளுக்குமேல் ஓடிய ஒரு பழைய படத்தைப் போட்டேன். எந்த இடத்தில் இடி வரும், எந்த இடத்தில் பாட்டு வரும் என்று அவளுக்கு மனப்பாடம். பேச்சு வரும்போது மட்டும் கையைக் காட்டி எங்களை அடக்கினாள். பிரிகிற காட்சி வந்தது. கதாநாயகன் நான்கு வரி பேசினான், கதாநாயகி அழுதாள், ரயில் போய்விட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"என்ன இவ்வளவுதானா?"

"இதுக்கா அத்தனை பேரு அழுதுக்கிட்டு வெளிய வந்தாங்க? ஒவ்வொரு ஷோவுக்கும் எத்தனை டிஷ்யூ பேப்பர் பொறுக்கியிருக்கேன்! நான் வச்சிருந்தது இதைவிட நல்லா இருந்துச்சு."

"நீ என்னத்தை வச்சிருந்த?"

"வராந்தாவுல சும்மா நின்னா பொழுது போகுமா? இவன் இதைச் சொல்லியிருப்பான், இவ அதைச் சொல்லியிருப்பான்னு நானா வச்சுக்குவேன். எல்லாப் படத்துக்கும்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நான் ரிமோட்டை எடுத்து, நடு ஸ்பீக்கரின் வாயை அடைத்தேன்.

"சரி, நீ சொல்லு. உன் படத்துல அவன் என்ன சொன்னான்?"

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "முதல்ல, அவன் பேசவே கூடாது," என்றாள். "அவதான் பேசணும்."