ஐயோனியின் விம்மல்

போர்ட்லாண்டில் தங்கையின் பிரசவத்துக்குப் போய்த் தங்கிவிட்டு ஐயோனி கிங்ஸ்டன் நகரத்துக்குத் திரும்பியபோது, சந்து முனையில் மீன் பொரிக்கும் மிஸ் வெர்லின் அவளைப் பார்த்தும் பாராதவள் போல் எண்ணெய்ச் சட்டியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மிஸ் வெர்லின் வாயை மூடிக்கொண்டிருப்பது அந்தச் சந்தில் நடக்காத காரியம். மற்ற நாளாக இருந்தால், மெலிந்துவிட்டாய் என்று திட்டி, ஒரு பொரித்த மீனைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்திருப்பாள்.

"என்ன மிஸ் வெர்லின், கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரியுது. காது அதைவிட நல்லாக் கேக்குது."

அப்போதுதான் ஐயோனி அவளுக்குப் பின்னால் பார்த்தாள். மிஸ் வெர்லினும் இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்து குடியிருந்த வளவைக் காணவில்லை. தகர வேலி, பொதுச் சமையல் கொட்டகை, ஆக்கிப் பழ மரம் எதுவும் இல்லை. புல்டோசர் கீறிய மண் மட்டும் கிடந்தது.

அந்த நிலம் தேர்தலில் நிற்கும் அரசியல்வாதிக்கு வேண்டும் என்பதும், காலி செய்தால் புதுவீடு தருகிறேன் என்று அவர் தேன் தடவிப் பேசுவதும் ஊருக்கே தெரியும். ஒருவரும் அசையக்கூடாது என்று சந்துக்காரர்கள் பேசி வைத்திருந்தார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை தெருக் குழாயடியில் கூட்டம். அதில் பாடத்தான் ஐயோனி அவசரமாகத் திரும்பி வந்தாள்.

"ஏன் மிஸ் வெர்லின் காலி பண்ணீங்க?"

"நீதானேம்மா பண்ணச் சொன்ன? வேற எவன் பாடியிருந்தாலும் மீன் முள்ளை மூஞ்சில எறிஞ்சிருப்பேன். உன் குரல் கேட்டுச்சு. நீயே சொல்றப்ப என்ன பயம்னு கெளம்பிட்டோம். வீடு அடுத்த வருஷமாம். இப்ப சர்ச்சுக்குப் பின்னால தார்ப்பாய்க்குள்ள கெடக்கேன்."

ஐயோனிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வேன் ஒலிபெருக்கியோடு சந்துக்குள் நுழைந்தது. அவளுடைய பாட்டின் தாளம். அதன் மேல், அவளோடு சேர்ந்து பாடுகிற லாஸெல்ஸின் குரல், வேட்பாளர் பெயரைச் சொல்லி, வீட்டுக்குள்ளேயே குழாய், ஜன்னலுக்குக் கண்ணாடி என்று அடுக்கியது.

முதலில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ரெக்கார்டின் பின்பக்கத்தில் பாட்டை எடுத்துவிட்டுத் தாளத்தை மட்டும் விடுவார்கள். வெர்ஷன் என்று பெயர். அதன் மேல் எவனும் பாடலாம். அது கிங்ஸ்டன் வழக்கம், யாரும் சண்டைக்குப் போவதில்லை. லாஸெல்ஸ் விலை போனான், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

அப்புறம் வேட்பாளரின் பெயருக்குப் பின்னால் அந்த விம்மல் எழுந்தது. அவளுடையது.

வடக்குக் கடற்கரை ஹோட்டல்களில் ஜிகினா உடுப்புப் போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது அமெரிக்க சோல் பாட்டுகளைப் பாடிப் பிழைத்தவள் ஐயோனி. அந்தப் பொழைப்பே போதும் என்றுதான் இருந்தாள். கடலோரக் குடிசைகளை இடித்தபோது அவளுடைய அம்மாவின் வீடும் போனது. அம்மா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகுதான் லாஸெல்ஸோடு சேர்ந்து ரெக்கே இசையில், இடிபட்ட வீடுகளைப் பற்றி அந்தப் பாட்டைப் போட்டாள். ஸ்டுடியோவில் அம்மாவின் வீடு வருகிற வரியில் அவளுக்குச் சொல் வரவில்லை. விம்மல்தான் வந்தது. லாஸெல்ஸ் மைக்குக்குக் கீழே அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். அதை வெட்டாதீர்கள் என்று இன்ஜினியரிடம் சொன்னவனும் அவன்தான். சந்தில் குழந்தைகள்கூட அந்த விம்மலைப் பாடிக்காட்டும்.

அவள் ஓடிப் போனபோது லாஸெல்ஸ் வீட்டு வாசலில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மாலையில் பிரச்சார மேடை. அவளைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

திட்டித் தீர்க்க வேண்டும் என்றுதான் ஓடி வந்தாள். ஆனால் பதினாறு வருஷம் பக்கத்தில் நின்று பாடியவன். மனசு கேட்கவில்லை. அவன் தப்பிக்க அவளே ஒரு வழி திறந்துவிட்டாள்.

"என் விம்மலை எடுக்க இன்ஜினியர் மறந்துட்டாரா, லாஸெல்ஸ்?"

அவன் ஆமாம் என்றிருக்கலாம். ஆமாம் என்றிருந்தால் அவள் நம்பியும் இருப்பாள், பைத்தியக்காரி.

"அவர் எடுத்துடறேன்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"நீ இல்லாம நான் மட்டும் பாடினா, இந்தச் சந்துல எவன் நம்புவான் ஐயோனி?"

குற்ற உணர்ச்சி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாராட்டுகிற மாதிரி சொன்னான். கூட இருந்தே குழி பறிப்பது என்று கேட்டிருக்கிறாள். பறித்தவனே குழியின் அழகைக் காட்டுவதை அன்றுதான் பார்த்தாள். அம்மாவின் சாவையே எடுத்து வேட்பாளருக்குக் கொடுத்திருக்கிறான். திரும்பி நடந்தாள்.

மிஸ் வெர்லின் கடையை மூடிக்கொண்டிருந்தாள். ஐயோனி நடந்தது அத்தனையும் சொன்னாள். வெர்ஷன், விம்மல், போர்ட்லாண்ட், லாஸெல்ஸ் சொன்ன கடைசி வார்த்தை வரை. சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்த குரல் ரெக்கார்டில் இருப்பது போலவே இருந்ததால், பாதியில் நிறுத்தித் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

மிஸ் வெர்லின் அடுப்புக் கரியை அணைத்தாள். பிறகு மிச்சமிருந்த மீனைக் காகிதத்தில் சுற்றி ஐயோனியின் கையில் வைத்தாள்.

"நீ சொல்றத நம்புறேம்மா. உன் மேல தப்பில்ல."

ஐயோனிக்கு உயிர் வந்தது. நாளைக்குக் குழாயடியில் எல்லாருக்கும் இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் பாடுகிறேன், மிச்சம் இருக்கிற வளவுகளாவது அசையாது என்றாள்.

"பேசு. வந்து கேக்குறேன்," என்றாள் மிஸ் வெர்லின். "பாட மட்டும் செய்யாத. நீ எதைப் பாடினாலும் நான் நம்பிடுவேன். அதான் பயமா இருக்கு."