ஆம்லெட்பாளையம்

காளியாத்தாளின் டீக்கடையில் முட்டை கிடையாது. போண்டா உண்டு, தேங்காய் பன் உண்டு, வெயில் காலத்தில் கம்பங்கூழும் உண்டு. ஆம்லெட் கேட்டால் மட்டும், "அத மட்டும் கேக்காதீங்க சாமி" என்று கையை விரித்துவிடுவாள். ஆம்லெட்பாளையத்திலேயே ஆம்லெட் இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பலகையில் ஊரின் பெயர் கருக்கம்பாளையம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் ஓடும் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டர் அன்பரசு ஒரு கணம் யோசிப்பார். அந்தத் தடத்தில் பாதி ஊர்களுக்குப் பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை வளைகாப்புக்குத் தைத்துக் கொடுத்த தையல்காரர் இருந்த ஊர் 'நாளைக்கு வா புதூர்'. கோயில் பந்தியில் ரசம் தீர்ந்துபோய் வெந்நீரை ஊற்றிச் சமாளித்த ஊர் 'வெந்நிமேடு'. என்றைக்கோ ஒருநாள் ஓர் ஊர் அடித்த கூத்தைப் பக்கத்து ஊர்க்காரன் செத்தாலும் மறக்க மாட்டான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வாய்த்த ஞாபகசக்தி அப்படி.

அன்று சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் மட்டும் இறங்கினாள். தலையில் முக்காடு, தோளில் கைப்பை, இருபத்திரண்டு வயதிருக்கும். ஊர்ப் பலகையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து டீ கேட்டாள். பேர் கௌசியா, சொந்த ஊர் சேலம், நாமக்கல்லில் சொந்தக்காரர் வீட்டில் தங்கித் திருச்செங்கோட்டுக் காலேஜ் ஆபீசுக்கு வேலைக்குப் போய்வருகிறாளாம்.

"மூணு மாசமா இந்த ஸ்டாப்பு வந்தா பஸ்ஸே சிரிக்குதும்மா. ஏன் இந்தப் பேருன்னு எனக்கு மட்டும் தெரியல."

காளியாத்தாளுக்கு அது போதும். அந்தக் கதையைச் சொல்ல ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விடிகாலை. கேரளாவுக்குப் போன முட்டை லாரி இதோ இந்த வளைவில் சாய்ந்து படுத்துவிட்டது. மண்டையில் அடிபட்டு மயங்கிக் கிடந்த டிரைவரை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அனுப்பிய கையோடு ஊர் மொத்தமும் குண்டாவும் கூடையுமாக லாரியின் மேல் விழுந்தது. மகள் சீருக்கு வாங்கி வைத்திருந்த புதுப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் பக்கத்து வீட்டுச் சின்னண்ணன். எட்டு நாளைக்கு எந்த வீட்டிலும் குழம்பு கொதிக்கவில்லை. காலையில் ஆம்லெட், மத்தியானம் ஆம்லெட், விருந்தாளி வந்தால் இரண்டு ஆம்லெட். ஊரே ஏப்பம் விட்டால் பக்கத்து ஊர்வரை வாடை போயிற்று.

"அதுலயும் கேளு சாமி, தார்ப்பாய்க்கு அடியில கையவுட்டு நான் எடுத்துட்டு இருக்கறேன். யாரோ டொக்கு டொக்குன்னு தகரத்தத் தட்டறாங்க. சின்னண்ணன்தான் அந்தப் பக்கம் கதவத் தொறக்கறாருன்னு நெனச்சிட்டு, 'மெல்லத் தட்டுங்க, முட்ட ஒடஞ்சிரப் போவுது!'ன்னு நாங் கத்தறேன்."

எல்லோரும் சிரிக்கும் இடம் அது. கௌசியாவும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அந்த லாரியில லோடுமேனா வந்தவரு எங்க அத்தா, என்னப் பெத்தவரும்மா. ஜான் பாஷா."

அந்தப் பெயரைக் காளியாத்தாள் கேள்விப்பட்டதே இல்லை. பின்னால் முட்டை அட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் படுத்திருந்தான் என்று சொல்ல வேண்டிய டிரைவர் மயக்கத்தில் போய்விட்டான். இரண்டு மணி நேரம் கழித்துக் கிரேன் வந்து லாரியை நிமிர்த்தியபோதுதான் செத்துக் கிடந்த ஆளைப் பார்த்தார்கள். ஊர் அந்தப் பாதியைச் சொல்வதில்லை. மிச்சப் பாதியைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி, கிரேன் வந்ததையே மறந்துபோனது. அவள் மறக்கவில்லை. சின்னண்ணன் அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லியிருந்தார், "நான் அந்தப் பக்கமே வல்லியே ஆத்தா, எவன் தட்டுனான்?" அவள் கத்தியதும் தட்டுவது மெதுவானது. சொன்ன பேச்சைக் கேட்டதுபோல இன்னும் மெதுவாகி, பிறகு நின்றுபோனது. அதன் பிறகும் அவள் ஒரு கூடை முட்டை எடுத்தாள்.

"எனக்கு அப்ப மூணு வயசு. கருக்கம்பாளையத்துல போனாருன்னு மட்டுந்தான் தெரியும், அது இந்த ஊருதான்னு பலகையப் பாத்துத்தான் புரிஞ்சுது. வர்ற மாசம் எனக்கு நிக்காஹ்" என்றாள் கௌசியா. "அம்மாவுக்கு இந்தப் பக்கம் வர மனசு வரல. ஆனா இன்னைக்கும் ஒண்ணத்தான் கேட்டுட்டே இருக்காங்க, அவரு வலியில கெடந்தாரா, உடனே போயிட்டாரான்னு. கம்பெனிக்காரங்க உடனேன்னுதான் சொன்னாங்க. நீங்க பக்கத்துல இருந்திருக்கீங்க. நெசமாம்மா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் தவித்திருக்கிறாள். கேட்டால் காலில் விழுந்து சொல்லி அழுதுவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். இப்போது அந்த முகம் பதிலுக்குக் காத்திருந்தது.

"உடனே சாமி. லாரி சாஞ்சப்பவே உசுரு போயிருச்சாமா. வலியே இருந்திருக்காது."

"அப்ப தட்டுனது?"

"எங்க சின்னண்ணன்தான். அவுரு போய்ச் சேந்தே ஆறு வருசமாச்சு."

கௌசியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் லேசாகிவிட்டது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு, "உடனேதாம்மா, பக்கத்துல இருந்தவங்களே சொல்றாங்க" என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெண் அழும் சத்தம் காளியாத்தாளுக்கும் கேட்டது. இந்தப் பொய்யைப் பிள்ளைக்காகச் சொன்னாளா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஆம்லெட்பாளையம் எறங்கு!"

அன்பரசுவின் குரலுக்கு, வந்து நின்ற பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். கௌசியா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். படியில் நின்ற அன்பரசு, பஸ் கிளம்ப வெளித் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.

காளியாத்தாள் செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடிவந்து, பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்கினாள். பஸ் வேகமெடுத்துவிட்டது. ஜன்னலிலிருந்து அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தாள். வளைவு திரும்பும்வரை அசைத்துக்கொண்டே போனாள்.