கெட்டது நடக்காத தேதி

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மூக்குக்கண்ணாடி மேல் ஆணை. அது இல்லாவிட்டால் எனக்கு எதிரே நிற்பது மனிதரா மாடிப்படியா என்று தெரியாது. ஆகவே இதைவிடப் பெரிய ஆணை என் கைவசம் இல்லை.

கதை கிடைத்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சலவைக் கடையிலிருந்து வந்த என் கால்சட்டையைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளில் கிடைத்தது. 'இதே நாளில்' என்றொரு பகுதி. தற்செயலாக அது என் பிறந்த தேதி. ஒரு நிலநடுக்கம், இரண்டு கப்பல்கள், தலை போன அரசன் ஒருவன் என்று பட்டியல் கம்பீரமாகத்தான் இருந்தது. நான் பிறந்த செய்தி மட்டும் இல்லை. என் அப்பா எழுதியிருந்தால் நிலநடுக்கத்துக்கு மேலே போட்டிருப்பார்.

அந்தக் கால்சட்டையையே மாட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போய், "இதை எழுதுறது யாரும்மா?" என்று கேட்டேன். கடைக்கார அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன், உங்க தலையும் போச்சா?" என்றார். பிறகு சொன்னார்.

2

தொடக்கம்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

முதல் முயற்சி: வானம் கறுத்திருந்த அந்த மாலையில் தேதியார் ஜன்னலோரம் நின்று, தொலைவில்—

(வேண்டாம். கதையில் ஒருவர் ஜன்னலோரம் நின்றால் நாலாம் பக்கத்தில் அழப்போகிறார் என்று பொருள். தவிர, அவர் அறையில் ஜன்னல் கிடையாது. அச்சு இயந்திரத்துக்கு நேர் மேல் மாடி. இயந்திரம் ஓடினால் மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பை தானாக நடந்து விளிம்புக்குப் போகும்.)

இரண்டாம் முயற்சி: வரலாறு என்பது யாதெனில்—

(இப்படி ஆரம்பிப்பவர்களை நானே படிப்பதில்லை.)

மூன்றாம் முயற்சி: தேதியாரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, தேதி மட்டும் நிச்சயமாகவில்லை.

இது போதும். தேதியார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். 'இதே நாளில்' பகுதியை இருபது வருடங்களாகத் தொகுப்பவர். யாராவது பேச்சுவாக்கில் "நாளைக்கு வர்றேன்" என்றால், நாளை எந்தக் கோட்டை விழுந்த நாள் என்று சொல்லித்தான் வழியனுப்புவார். (அப்பேர்ப்பட்டவர் தன் கல்யாண நாளை மறந்துவிடுவார் என்று எழுதினால் சிரிப்பீர்கள். அவர் மறக்கவில்லை. மறந்து தொலைத்தால் தேவலை என்று அவர் மனைவிதான் சொல்வார். ஒவ்வொரு வருடமும் அன்று காலை ஒரு போர்க்கள விவரத்தோடுதான் வாழ்த்து வரும்.)

3

மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மகள் ஒரு நாள் அலுவலக லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். வெளியே அவர், உள்ளே இவள், நடுவில் இரும்புக் கதவு. கதவு திறக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. சாவகாசமாகத்தான் திறந்ததாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்.

(நம்ப முடியவில்லை என்கிறீர்களா? நானும் ரயில் நிலையம் என்று மாற்றிப் பார்த்தேன். ரயில் நிலையத்தில் யார் வேண்டுமானாலும் ஓடிவிடலாம், கதை நிற்கவில்லை.)

அவருக்கு ஆகஸ்டில் வேறு ஊருக்கு மாற்றல், மூன்று வருடத்துக்கு. கல்யாணமானவர்களுக்குத்தான் கம்பெனி வீடு. ஆகவே அதற்குள் முடித்தாக வேண்டும். மகள் அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்:

"அதுக்குள்ள தேதி கிடைக்கலைன்னா அவர் தனியாவே போகட்டும்ப்பா. மூணு வருஷம் போன்ல குடும்பம் நடத்த எனக்கு வராது. இத்தோட விட்டுடுவோம்."

"ஒரு தேதிதானம்மா. வருஷத்துல எத்தனை கிடக்கு."

"போய்க் கேட்டுப் பாருங்க அவங்க அம்மாகிட்ட."

அவங்க அம்மாதான் சலவைக் கடைக்காரர். மடித்த துணியைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவார். சுற்றுவதற்கு முன் ஒரு வரி விடாமல் படிப்பார். தேதியாரின் இருபது வருட உழைப்பை முழுதாகப் படித்த ஒரே வாசகர், கடைசியில் அவருக்கே சம்பந்தியாக வாய்த்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

4

அப்பாவும் மகளும் கடைக்குப் போனார்கள். நீராவியும் சோப்பு வாசனையும். மேலே கம்பியில் ஊரார் சட்டைகள் ஆள் இல்லாமல் தொங்கின. மாப்பிள்ளை, அம்மாவுக்கும் மாமனாருக்கும் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, எந்தப் பக்கமும் தலையாட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"ஏப்ரல் பதினஞ்சு வச்சுக்கலாமா?" என்றார் தேதியார். "ஓவியர் லியோனார்டோ டா வின்சி பிறந்த நாள்."

"டைட்டானிக் முங்குன நாள்," என்றார் அம்மாள், காலர் மேல் இஸ்திரியை ஓட்டியபடி. "நீங்கதான எழுதுனீங்க. ரெண்டும் ஒரே பத்தியில இருந்துச்சு."

"அது எங்கேயோ கடல்லங்க..."

"எத்தனை புது ஜோடி அதுல போச்சுன்னும் நீங்கதான் எழுதுனீங்க."

"சரி, மே ஆறு. உலகத்துலயே முதல் தபால்தலை புழக்கத்துக்கு வந்த நாள். தூரத்துல இருக்கிறவங்களச் சேர்த்து வைக்கிற நாள் பாருங்க."

"ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிஞ்ச நாள். மேல போர்த்தியிருந்தது துணி. துணி எப்படி எரியும்னு எனக்குத் தெரியும் சார்."

"ஏப்ரல் இருபது..." என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. யாரு பொறந்த நாள்?"

"ஹிட்லர்," என்றார் தேதியார், ஈனஸ்வரத்தில். "ஆனா பொறந்த அன்னிக்கு அவர் ஒண்ணும் பண்ணலைங்க. அழுதிருப்பார், அவ்வளவுதான்."

"அப்புறம் ஊரையே அழ வச்சாருல்ல. அடுத்தது?"

தேதியார் கடைசி அம்பை எடுத்தார். "ஜூலை இருபது. மனுஷன் நிலாவுல கால் வச்ச நாள். யாரும் சாகலை. ஏதும் எரியலை. எல்லாரும் பத்திரமா வீடு வந்து சேர்ந்தாங்க."

அம்மாள் இஸ்திரியை நிறுத்தினார். மாப்பிள்ளை முக்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்தார்.

"மூணு பேர் போனாங்க," என்றார் அம்மாள். "ரெண்டு பேர் இறங்குனாங்க. மூணாவது ஆளு இறங்கவே இல்ல, மேலயே சுத்திக்கிட்டிருந்தாரு. அவ்வளவு தூரம் போயிட்டு, விருந்துக்கு வந்தவன் வாசலோட திரும்புன மாதிரி. அவரு மனசு என்ன பாடுபட்டிருக்கும்? அந்த நாள்ல எம் புள்ளைக்குக் கல்யாணமா?"

மாப்பிள்ளை மறுபடி பழைய உயரத்துக்கு வந்தார்.

5

(இந்த இடத்தில் நீங்கள் பிப்ரவரி இருபத்தொன்பதை நினைத்திருப்பீர்கள். என் பதிப்பாளரும் நினைத்தார். நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் பரிசு வாங்க வேண்டும் என்று ஒரு சிரிப்பும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அதைச் சேர்க்கவில்லை.)

தேதியார், வரலாறு எழுதுபவர் செய்யக்கூடாததைச் செய்தார். நாம் எழுதியதால்தானே நாளெல்லாம் கெட்டது, எழுதாவிட்டால்? மறுநாளிலிருந்து 'இதே நாளில்' பகுதியில் பிறப்புகளும் திறப்புவிழாக்களும் மட்டுமே வந்தன. போர்கள் நின்றன. எரிமலைகள் அடங்கின. ஒரு மாதம் உலகம் அவர் தயவில் நிம்மதியாக இருந்தது.

ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா, ஒரு மாசமா ஒருத்தரும் சாகலை?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார்."

"அவங்க நல்லா இருந்தா பேப்பர் நல்லா இருக்காதுய்யா. ஒருத்தன் காலையில எழுந்து உட்கார்றான். ஐநூறு வருஷம் முன்னாடி ஒரு ராஜாவுக்குத் தலை போச்சுன்னு படிச்சாத்தான், தனக்கு பஸ் போனது அவனுக்குப் பெருசாத் தெரியாது. நாளைக்கு எனக்கு நாலு பேராவது சாகணும்."

அதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அன்று மாலை சலவைக் கடையிலிருந்து வீட்டுக்கும் ஆள் வந்தது, வந்தது மாப்பிள்ளையே. முகம் இஸ்திரி போடாத துணிபோல் இருந்தது.

"மாமா, அம்மா உங்க பகுதியைப் பாத்துட்டாங்க. மறைக்கிற வீட்ல பொண்ணு எடுக்கணுமான்னு யோசிக்கிறாங்களாம்."

மகள் உள்ளறையில் இருந்து வந்தாள். அழுதிருப்பாள் என்று எழுதப்போனேன்—

(இல்லை. காலில் செருப்பு மாட்டியிருந்தாள்.)

"எந்திரிங்கப்பா. போய் ஒரு முடிவு கேட்டுட்டு வந்துடலாம்."

6

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன். காரணம், அந்த அம்மாள். இதுவரை எழுதியதைப் படித்தால் எனக்கே அவர் மேல் நம்பிக்கை வரவில்லை. கதை நீளுவதற்காகவே 'வேண்டாம்' சொல்ல வைத்த பொம்மைபோல் இருக்கிறார். பொம்மை என்றால் என் கால்சட்டைக்கு அவ்வளவு நேர்த்தியான மடிப்பு எப்படி விழும்? அவரை நான்தான் சரியாகக் கேட்கவில்லை. மகள் கேட்டாள்.

"அத்தை, நேராவே கேக்கறேன். என்னைப் பிடிக்கலையா?"

"உன்னைப் பிடிச்சதாலதாம்மா இந்தப் பாடு."

"அப்ப என்ன தேதிதான் வேணும்?"

அம்மாள் ஒரு சட்டையை எடுத்து விரித்தார். கையை மடக்கினார், பிரித்தார், மறுபடி மடக்கினார்.

"ஜூன் முப்பத்தொண்ணு எங்க கல்யாண நாள்," என்றார். "பதினோரு வருஷம் நல்லாத்தான் போச்சு. அந்த வருஷம் காலையில அவரு எனக்குப் பூ வாங்கிட்டு வந்தாரு. சாயங்காலம் அதே பூவைத்தான் அவரு மேல வச்சேன். வேற பூ வாங்கப் போகக்கூட நேரம் இல்ல."

அம்மாள் சட்டைக் காலரை நீவிவிட்டார்.

"அதுலேர்ந்து வருஷா வருஷம் அந்த நாள் வரும். நல்ல துணி போடறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் துணி தேச்சுக் குடுக்கிறவ, அன்னிக்கு முழுக்க நைட்டியோட உக்காந்திருப்பேன். பாதி நாள் சந்தோஷம், பாதி நாள் துக்கம்னு பிரிச்சு வைக்க முடியுமா? என் மருமக அப்படி உக்காரக் கூடாது. அதான் எதுவுமே நடக்காத நாளாத் தேடுறேன்."

தேதியார் கம்பியில் தொங்கிய ஒரு சட்டையை எடுத்து, அம்மாள் மடித்த மாதிரியே மடிக்கப் பார்த்தார். இருபது வருடத்தில் முதல் முறையாக அவர் வரலாற்றைத் தொடவில்லை.

மகள்தான் பேசினாள். "அப்ப அன்னிக்கே வைப்போம் அத்தை."

"என்னம்மா சொல்ற?"

"நீங்க தேடற மாதிரி நாள் எங்கப்பாகிட்ட இல்ல. இருந்தா இத்தனை நாள்ல விட்டிருக்க மாட்டாரு. உங்க நாள்ல கெட்டது வந்துட்டுப் போயாச்சு. நல்லதுக்குத்தான் ஆள் வரலை."

"அன்னிக்கு நான் எப்படிம்மா..."

"நல்ல துணி போட்டுத்தான் ஆகணும். மாப்பிள்ளையோட அம்மா நைட்டியோட வந்தா கல்யாணத்துல யாரும் எங்களைப் பாக்க மாட்டாங்க."

மாப்பிள்ளை, வந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். அம்மாள் குனிந்து இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். கடை திறந்திருக்கும்போது அதை அணைத்து அவர் மகனே பார்த்ததில்லையாம். சட்டை பாதியில் கிடந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன கலர்ல எடுக்கிறது?" என்றார்.

7

இதோடு நிறுத்தியிருக்கலாம். பதிப்பாளர் கல்யாணக் காட்சி கேட்கிறார். இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அம்மாள் கிளிப்பச்சையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடும் நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்து, அதற்கு நடுவிலேயே அழுதுவிடுகிறார். எது எங்கே முடிந்தது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

மற்றதில் கிளிப்பச்சையை மடிப்புக் கலையாமல் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு, நைட்டியோடு அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். வாசலில் கார் நின்று ஒலி எழுப்புகிறது. உள்ளே வந்து கூப்பிடுவது மகனில்லை, மருமகள், கல்யாண உடையிலேயே. அம்மாள் எழுந்தாரா என்பதை நான் எழுதவில்லை. அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். என்னைவிட உங்களுக்கு மாமியார்களைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும்.

எதை எடுத்துக்கொண்டாலும், கல்யாணம் நடந்தது என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். நானே போயிருந்தேன், அதே கால்சட்டையில். அன்றைய செய்தித்தாளில் தேதியார் 'இதே நாளில்' பகுதியில் ஒரு சாவும் போடவில்லை, ஒரு பிறப்பும் போடவில்லை. "ஜூன் 31: ஒரு கல்யாணம், மறுபடியும் ஒரு கல்யாணம்" என்று ஒரே வரி. ஆசிரியர் விருந்துக்கு வந்திருந்ததால் திட்டவில்லை.

ஜூன் மாதத்துக்கு முப்பது நாட்கள்.