எழுபத்தொரு சதவீதம்

கம்ப்யூட்டர் திரையில் ஐம்பத்திரண்டு ஐம்பத்து மூன்றாக மாறுவதற்குள் முன்னறையிலிருந்து அப்பா மறுபடியும் குரல் கொடுத்தார்.

"பாப்பா, ஓடுதா?"

"ஓடுதுப்பா."

நாற்பது வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். முப்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிய மனிதர். எந்த மெஷினைப் பார்த்தாலும் நல்லா இருக்கா என்று கேட்க மாட்டார், ஓடுதா என்றுதான் கேட்பார். காலையிலிருந்து பத்து தடவையாவது கேட்டிருப்பார். மூச்சு விடுவதே பெரும்பாடாக இருக்கிற ஆளுக்கு இதற்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வருகிறதோ!

அம்மா இருந்தபோது அவரே கேமரா இரவல் வாங்கி எடுத்த வீடியோ அது. கேசட் பூஞ்சை பிடித்துப் போவதற்கு முன் அண்ணன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இடம் பத்தாது என்று சுருக்கி வைத்திருந்தான். அம்மா போன பிறகு அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தச் சுருக்கின ஃபைல் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே இருக்கும் பிளேயரில் ஓடாது. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு டிஸ்க்கை வெளியே துப்பிவிடும். டிவிடியாக மாற்றினால்தான் உண்டு.

"கடைசியில உங்கம்மா என்னமோ சொல்லுவா. என்னன்னு மறந்துபோச்சு. ரெண்டு நாளா மண்டைய ஒடைச்சுக்கறேன். அத மட்டும் கேட்டுட்டாப் போதும்" என்று நேற்று சொன்னார்.

நேற்றே முடிந்திருக்க வேண்டியது. தொண்ணூற்று நாலு வரைக்கும் போய்விட்டது. சும்மா இருக்காமல், பாதியில் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தாள். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. ஐந்து மணி நேரம் வீண். இன்றைக்கு, சீக்கிரம் முடியட்டும் என்று எதையெதையோ மாற்றி அமுக்கி ஆரம்பித்துவிட்டு, மவுஸைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, அங்கதான இருக்கு அது? என்னைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் அந்த டப்பா முன்னாடியே உக்கார வையேன்."

"இப்பத் திறந்தா நேத்து மாதிரி சிக்கிக்கும்ப்பா. இன்னும் ரெண்டு மணி நேரம். பெரிய டிவில படுத்துக்கிட்டே பாக்கலாம்."

"சரி சரி. நீ பாத்து செய்."

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற மனிதர் உடனே சரி என்றுவிட்டார். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அறுபதில் கேட்டார். அறுபத்தைந்தில் கேட்டாரா என்பது இன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை. எழுபத்தொன்றில்தான் வீடு ரொம்ப அமைதியாக இருப்பது தெரிந்தது. கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"ஓடுதுப்பா" என்றாள், யாரும் கேட்காமலே. பதில் இல்லை.

போய்ப் பார்த்தபோது அப்பா டிவி பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கையில் ரிமோட். டிவியைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். நீலத் திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் அண்ணன் டாக்டரோடு வந்தான். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அழுது ஓய்ந்த அண்ணன் உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்தான்.

"என்ன சத்தம் அது? இன்னுமா அது ஓடிக்கிட்டிருக்கு? நிறுத்தித் தொலை."

"கை வைக்காத!"

கூடியிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவள் உள்ளறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா கேட்டது அண்ணா."

"இனிமே யாரு பாக்கப் போறா?"

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து இதன் முன்னால் உட்கார வைத்திருக்கலாம். பத்து நிமிஷ வேலை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னறையில் அவர் கேட்கிற மாதிரியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

நாலு மணிக்கு, அறையில் யாரும் இல்லாதபோது, கம்ப்யூட்டரில் டிஸ்க் வைக்கும் தட்டு தானாக வெளியே வந்தது. தண்ணீர் எடுக்கப் போன பக்கத்து வீட்டு அக்கா பதறி ஓடிவந்தாள்.

"உள்ள யாரும்மா இருக்கா? என்னமோ திறந்துச்சு."

டிஸ்க் சூடாக இருந்தது. அப்பாவின் சில்லிட்ட கையை அப்போதுதான் தொட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தச் சூட்டை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு காகிதத்தில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள்.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் மதியம், அண்ணன்தான் சொன்னான்: "போட்டுத்தான் பாப்போமே."

காலிக் கட்டிலின் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பிளேயர் இந்தத் தடவை துப்பவில்லை. அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குரல் முன்னால் வந்தது, வாய் பின்னால் அசைந்தது.

"சத்தம் பொருந்தல" என்றான் அண்ணன்.

"அவசரத்துல எதையோ மாத்திட்டேன்."

கேமராவை மூடுங்க, வேலை கிடக்கு என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா விடாமல் பின்னாலேயே போனார். கடைசித் துணியையும் உதறிப் போட்டுவிட்டு அவள் திரும்பினாள்.

"எப்பப் பாத்தாலும் அந்தப் பக்கமே நின்னா எப்படி? குடுங்க இப்படி. நாளைக்குப் போட்டுப் பாக்கறப்ப அதுல நீங்க இருக்க வேணாமா?"

அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். இதைத்தான் அந்த மனிதர் இரண்டு நாளாகத் தேடியிருக்கிறார்.

கேமரா கை மாறியது. திரையில் வானமும் சுவரும் ஈரத் துணிகளும் தாறுமாறாகச் சுழன்றன. முகம் எதுவும் தெரியவில்லை. அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

"ஓடுதா?"

"ஓடுதுப்பா" என்றாள் அவள், சத்தமாக.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் முகம் வந்தது. தலைமுடி முழுக்கக் கறுப்பு. சத்தமில்லாமல் உதடுகள் அசைந்தன. பிறகு, பதில் கிடைத்துவிட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு, நேராகக் கட்டில் பக்கம் பார்த்தபடி நின்றார்.