நாலு பிளேட் செவ்வாய்க்கிழமை

மஞ்சக்குப்பத்தில் வெண்மதி கபே வாசலில் நின்று இருதயசாமி இரண்டு தரம் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். இடம் அதேதான். பக்கத்து சைக்கிள் கடையும் அதேதான். ஆனால் புகை படிந்த பச்சைக் கதவு போய், தள்ளினால் தானே மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு வந்திருந்தது. முட்டி வலி என்று நாலு மாதம் வராமல் இருந்ததற்குள் இப்படி ஆக்கிவிட்டார்களே!

கடை அழகாகிவிட்டதற்கு யாராவது பயப்படுவார்களா? அவர் பயந்தார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இருதயசாமிக்குப் படிக்கத் தெரியாது. துறைமுகத்தில் முப்பது வருஷம் ஐஸ் பெட்டி சுமந்தவர். மகள் ஜெனிபர் சொல்லிக்கொடுத்ததில் கையெழுத்து மட்டும் போடுவார். அது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா ஜேக்கப் பேச்சுவாக்கில் கேட்டதற்கு, இவர் மனைவி ஆரோக்கிய ராணி, "எங்க வீட்டுக்காரரு பத்தாவது பாஸுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னதைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை. ஜேக்கப்போ சிதம்பரத்தில் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இதப் படிச்சீங்களா சம்பந்தி?" என்று பேப்பரை நீட்டுவது அவர் வழக்கம்.

இன்று பத்து மணிக்குப் பங்குக் கோயிலில் ஓலை கொடுக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அதற்காக ஜேக்கப்பும் மனைவி பிரிசில்லாவும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். வீட்டில் உட்கார வைத்தால் பேப்பர் நீளும் என்று, டிபன் வெளியில்தான் என்று ராணி முடிவு செய்தாள். வெண்மதி கபேயில் சர்வர் ஆண்டி இருக்கிறான். மேசைக்கு வந்ததும், "இட்லி வடை பொங்கல் பூரி" என்று ஆரம்பித்து ரவா தோசை வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பான். படிக்க ஒன்றுமே இல்லாத கடை. அதாவது, நாலு மாதத்துக்கு முன்பு.

உள்ளே ஆண்டியைக் காணோம். சீருடை போட்ட ஒரு பெண் பளபளவென்று ஒரு மெனு அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். ஜேக்கப் அதை மரியாதையாக இந்தப் பக்கம் தள்ளினார்.

"உங்க ஊரு, உங்க கடை. நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

ராணி மேசைக்கடியில் கணவன் காலை மிதித்தாள். இருதயசாமி பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். அதுவும் ராணி ஏற்பாடுதான். மேலே பெரிய எழுத்து கடைப் பெயர் என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு. அதற்கு அடுத்த வரி? ஆண்டி முதலில் சொல்வது இட்லி. அப்படியானால் இதுவும் இட்லிதானே! விரலை அழுத்தமாக வைத்தார்.

"மொதல்ல இதுல நாலு பிளேட் கொண்டாம்மா. சூடா."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "சார்... அது 'செவ்வாய்க்கிழமை விடுமுறை' சார்."

ஜேக்கப் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"இவருக்குக் கண்ணாடி பவர் மாத்தணும்" என்றாள் ராணி அவசரமாக.

அதற்குள் சமையல்கட்டிலிருந்து தலையில் வெள்ளைத் தொப்பியோடு ஆண்டி எட்டிப் பார்த்து ஓடிவந்தான். "மாமா! எப்ப வந்தீங்க? இந்த அட்டைய யாரு உங்களுக்குக் குடுத்தது? கேளுங்க. இட்லி வடை பொங்கல் பூரி..."

கரை ஏறிவிட்டோம் என்று ராணி மூச்சு விட்டாள். இருதயசாமிக்கு மட்டும் அது போதவில்லை. வருகிற ஞாயிறு சாமியார் ஓலை வாசித்துவிட்டு, "தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம்" என்பாரே. பொய்யை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் எப்படி உட்காருவது? ஒரு ஞாயிறா, மூன்று ஞாயிறு! கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சம்பந்தி, இதுல பவரே கெடையாது. எனக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. எம் பொண்ணு மேல தப்பு இல்ல. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி."

ஜேக்கப் மனைவியைப் பார்த்தார். பிரிசில்லா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு.

"அது எங்களுக்குப் பொண்ணு பாத்த மறுநாளே தெரியுமேண்ணே! ஜெனிபர் போன் பண்ணிச்சு. 'அம்மா சொன்னது பொய்யி அத்தை. ஆனா அப்பாவா சொல்ற வரைக்கும் நீங்க கேக்காதீங்க, அவுங்க மனசு கஷ்டப்படும்'னு. நாங்களும் எப்ப சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே இருக்கோம்."

"அப்ப தெரிஞ்சேதான் பேப்பர நீட்டுனீங்களா?"

"இல்ல சம்பந்தி, கை பழக்கம்" என்று ஜேக்கப் தலையைச் சொறிந்தார். "இவ கிட்ட ஒவ்வொரு வாட்டியும் திட்டு வாங்குறேன்."

ராணிக்குத்தான் கோபம் வந்தது. "நாலு மாசமா இவருக்குப் பத்தாங்கிளாஸ் வாத்தியாருங்க பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வெச்சேன். எல்லாம் தெண்டமா?"

"கணக்கு வாத்தியாரு செந்தமிழ்செல்வன்" என்று இருதயசாமி ஒப்பித்தார். பிரிசில்லா இருமும் அளவுக்குச் சிரித்தாள். ராணியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தான். "என்னா மாமா, என்ன கொண்டாறது?"

"இன்னொரு வாட்டி சொல்லு."

"காது கேக்கலியா?"

"கேக்குதுடா. சும்மா சொல்லு."

முப்பது வருஷமாக ஒன்றும் விட்டுப்போகாமல் காதில் பிடிக்க வேண்டுமே என்று பயந்து பயந்து கேட்ட பட்டியல் அது. இன்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, முட்டியை நீட்டிக்கொண்டு, ரவா தோசை வரைக்கும் கேட்டார்.